இரண்டில் நின்ற கரு

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்த டைரி கூட்டுறவு பாங்கில் என் மகனுக்கு இனாமாகக் கொடுத்தது. பாதி வருஷத்துக்கு மேல் வெறுமனே கிடந்தது. சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பும்போது பையில் போட்டுக்கொண்டேன். பெங்களூரில் எனக்குப் பேச ஆள் கிடையாது. கீழ்வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் இந்தி. பேத்தி வடிவு காலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருகிறாள். அதுவரை இந்தத் தாளோடுதான் பேச வேண்டும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாவதுக்கு அனுப்பாமல் நிறுத்தியது என் பெரியப்பா பிச்சையா. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வடிவுக்கு மஞ்சள் காமாலை வந்ததால்தான் நான் வந்தேன். மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லையாம். அவள் தம்பி கல்யாணத்துக்கு மட்டும் ஒரு வாரம் கிடைத்தது. போகட்டும். இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. காமாலை முழுதாக இறங்கிவிட்டது. கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன். சளியும் மூக்கடைப்பும்தான் அவளை விடமாட்டேன் என்கிறது.

தெருமுனையில் ஓர் அன்னாசிப்பழ வண்டி நிற்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. வடிவோடு வேலை பார்க்கிற ஜிஷா என்ற பாலக்காட்டுப் பெண் சாப்பிட வந்தாள். கொழுக்கட்டையைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஆச்சி. எங்க அம்மை பண்ணினா தோல் இதைக்காட்டிலும் மெல்லிசா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு ஏழு தின்றாள்.

வடிவு என்னதான் வேலை பார்க்கிறாள் என்று இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எலியின் கருவை வயிற்றில் வளரவிடாமல் கண்ணாடித் தட்டில் வைத்து வளர்க்கிறாள்.

"மொதல்ல ஒரே ஒரு உயிரணுதான் ஆச்சி. மறுநாள் ரெண்டாப் பிரியும். அதுவரைக்கும் அம்மா முட்டைக்குள்ள வச்சு அனுப்பின கட்டுச்சோறுதான். அது தீர்ந்ததும், கரு தன்னோட சொந்த மரபணுவத் தொறக்கணும். தொறந்தாத்தான் நாலாகும், எட்டாகும்."

"தொறக்காட்டா?"

"ரெண்டுலயே நின்னுரும்."

"அப்பம் அதுக்கு என்னட்டி சாப்பாடு குடுப்ப? சீனியா?"

"சீனி அந்த வயசுல அதுக்கு ஏறாது. சீனி ஒடம்புக்குள்ள ஒடைஞ்சு பைருவேட்டுன்னு ஒண்ணா மாறும். அதத்தான் குடுக்கணும்."

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஓர் அடுப்படி உண்டு. தனியாக ஒரு பெட்டி அறையும் உண்டு. கரு தாய் தகப்பனிடம் வாங்கிய சொத்தெல்லாம் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. அடுப்படி ஆட்கள் எந்நாளும் அடுப்படியை விட்டு நகரமாட்டார்கள். அந்த இரண்டணு வயதில் மட்டும், அந்தப் பைருவேட்டு கிடைத்தால், அவர்களில் சிலர் எழுந்து பெட்டி அறைக்குள் போய்ப் பூட்டைத் திறக்க ஒத்தாசை செய்கிறார்கள். சாப்பாடு இல்லாவிட்டால் போகமாட்டார்கள், பெட்டியும் திறக்காது. ஆகாரம் என்பது வயிற்றுக்கு மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எந்தப் பெட்டி திறக்கும், எது திறக்காது என்பதும் அதில்தான் இருக்கிறது.

இதைக் காட்டுவதற்கு இரண்டு தட்டு. ஒன்றில் பைருவேட்டு கொடுக்கிறாள், மற்றதில் கொடுப்பதில்லை. கொடுத்த தட்டு வளர வேண்டும், கொடுக்காத தட்டு இரண்டில் நிற்க வேண்டும். போன வருஷம் அப்படியே வந்தது. அதை அச்சில் போடுகிறவர்கள், இன்னும் இரண்டு தடவை செய்து காட்டு என்கிறார்கள். தீபாவளிக்குள் காட்டாவிட்டால் வேலை புனேயில் ஒரு பையனுக்குப் போய்விடும். அவளுடைய பெரிய மேடம் ஹெக்டே அப்படிச் சொல்லிவிட்டார். ஐந்து வருஷம் இவள் பார்த்த வேலை.

இருவரும் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வடிவின் தலையில் மல்லிகை வைக்கப் போனேன். ஜிஷா கையைப் பிடித்துவிட்டாள். "லேப்புக்குப் பூ, செண்ட், வாசனை எண்ணெய் ஒண்ணும் ஆகாது ஆச்சி. கருவுக்குக் கேடு."

என் பேத்தி தலையில் பூ வைக்க இவள் உத்தரவு வேண்டியிருக்கிறது. இதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மழை. பால்கனியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. வடிவு ஆராய்ச்சிக்கூடத்தில் போடுகிற வெள்ளைக் கோட்டு ஈர நாற்றம் அடித்தது. அவளுக்கு மூக்கடைப்பு, தெரியவில்லை.

இஸ்திரி வண்டிக்காரரிடம் கையைக் காட்டி நாலு தணல் வாங்கிவந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த தூபக்காலில் இட்டுச் சாம்பிராணி போட்டேன். நாற்காலி மேல் கோட்டைக் கவிழ்த்து விரித்தேன். இவள் அப்பனுக்கும் அத்தைமாருக்கும் மழைக்காலத்தில் தொட்டில் துணியை இப்படித்தான் காயவைத்தேன். கோட்டு மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

பூவும் செண்டும் வாசனை. சாம்பிராணி வாசனையில் சேர்த்தி இல்லை, அது சுத்தம். பச்சைப்பிள்ளையின் தலைக்கே காட்டுகிறோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

வடிவு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி?"

"ரெண்டு தட்டும் நின்னு போச்சு ஆச்சி. சாப்பாடு குடுத்ததும் நின்னு போச்சு, குடுக்காததும் நின்னு போச்சு."

"சரி, அடுத்த தடவ வளரும்."

"வளரணும். ரெண்டும் நின்னா, சாப்பாட்டால நின்னுதா வேற எதால நின்னுதான்னு எவனும் நம்ப மாட்டான்."

ரசம் சோறு பிசைந்து கொடுத்தேன். பாதி தின்றாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோட்டுக்கு இன்று கூடுதலாகப் போட்டேன். நான் யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் வெளியாள் யாரும் கைகால் கழுவாமல் போகக்கூடாது. இவள் எலிக்கூண்டுப் பக்கமும் போகிறாள், பஸ்ஸிலும் போகிறாள், அதே உடம்போடு அந்தப் பொடிக் கருவிடமும் போகிறாள். கிருமி ஒட்டியிருக்கும். சாம்பிராணியோடு உலர்ந்த வேப்பிலையும் போட்டேன். கையின் மடிப்பு, பை, கழுத்துப்பட்டை எல்லா இடத்திலும் புகை ஏறட்டும் என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

மறுபடியும் இரண்டு தட்டும் நின்றுவிட்டது.

அதே அறை, தட்டை வைத்து வளர்க்கிற அதே சூட்டுப்பெட்டி. ஜிஷா வைத்த கரு மட்டும் வளர்ந்திருக்கிறது. அவள் வேறு நாளில் வேலை பார்க்கிறாள். வடிவிடம், "உனக்குக் கை நடுங்குது, காமாலை வந்த உடம்பு, கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்று சொன்னாளாம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வடிவு ரெஸ்ட் எடுத்தால் அந்த வேலை யாருக்கு லாபம்?

"அவ நல்லவ ஆச்சி" என்கிறாள் வடிவு. என் மாமியாரையும் ஊரெல்லாம் நல்லவர் என்றுதான் சொன்னது.

செப்டம்பர் 28, சனி

வடிவு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

இது கண்ணேறுதான். யார் கண் என்று எழுத வேண்டியதில்லை. சாம்பிராணியோடு வெண்கடுகும் சேர்த்துப் போட்டேன். புகையில் எதிர்வீட்டு இந்திக்காரி வந்து கதவைத் தட்டினாள். "பூஜா, பூஜா" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அக்டோபர் 9, புதன்

வடிவுக்குக் காய்ச்சல். இன்று கரு எடுக்க வேண்டிய நாள். இதை விட்டால் தீபாவளிக்குள் இன்னும் இரண்டே தடவைதான் வைக்க முடியும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

காலையிலேயே ஜிஷா வந்து நின்றாள். "நீ கிட. நான் உன் தட்டை வச்சுத் தரேன். பேரு உன் பேருதான், மேடம்கிட்ட பறஞ்சாச்சு. என் கோட்டு ஈரம், உன்னோடது தா."

நான் மனசில்லாமல் கோட்டைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெண்கடுகுப் புகை காட்டிய கோட்டு. போகட்டும், இவள் கண்ணும் கழியட்டும் என்று நினைத்தேன்.

அவள் அதைக் கையில் விரித்தவள் அப்படியே நின்றாள். மூக்கருகில் கொண்டுபோனாள். பையை இழுத்து முகர்ந்தாள்.

"ஆச்சி, இது என்ன மணம்? சர்ச்சிலே குந்திரிக்கம் போட்ட மாதிரி இருக்கு."

"சாம்பிராணி. ஈரத்துக்குக் காட்டினேன்."

"எப்போ?"

"வாராவாரம் காட்டுதேன். இந்த வாரம் கொஞ்சம் பலமா."

ஜிஷா கட்டிலைப் பார்த்தாள். வடிவு போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜிஷாதான் எனக்குச் சொன்னாள், அதுவும் மெதுவாக. கருவை ஒரு பொட்டு திரவத்தில் வைத்து மேலே எண்ணெய் ஊற்றி மூடிவைப்பார்களாம். காற்றில் இருக்கிற புகையை, வாசனையை எல்லாம் அந்த எண்ணெய் இழுத்துக்கொள்ளும். எண்ணெயிலிருந்து கருவுக்கு இறங்கும். பூவைத் தடுத்ததும் அதற்குத்தான்.

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். பால் பொங்குகிற நேரம்.

வெளியே ஒரு சத்தம் கேட்டது. வடிவு அழுகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்து இருமுகிறாள். ஜிஷாவின் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "என் கை இல்லட்டி! என் கை இல்ல! கோட்டு!"

மூக்கடைத்திருக்காவிட்டால் முதல் வாரமே அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் வேளைக்கு வேளை மிளகு ரசம் வைத்தும் அந்தச் சளி இறங்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

போகிற வழியில் புதுக் கோட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஜிஷா போனாள்.

அக்டோபர் 10, வியாழன்

இன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும். தூபக்காலைத் தேய்த்துக் கழுவிப் பையின் அடியில் வைத்தேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. வடிவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

அவள் என்னைக் கேட்பாள், கேட்பாள் என்று மூன்று நாளாகப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"பெரிய மேடம் என்ன சொன்னாவ?"

"என்ன சொல்லுவாவ? எண்ணெயெல்லாம் கொட்டிட்டுப் புதுசு எடுக்கச் சொன்னாவ. பெட்டியத் தொடச்சு வைக்கச் சொன்னாவ."

"பொக போட்டது யாருன்னு கேக்கல்லியா?"

"கேட்டாவ. கொசு ஜாஸ்தி, வீட்டுல பொக போட்டோம்னு சொன்னேன்."

போட்டோம் என்றாள். சொல்லிவிட்டுச் சுண்டலில் கிடந்த தேங்காய்ப் பல்லைப் பொறுக்கித் தின்றாள்.

நான் இங்கே ஒரு விஷயம் எழுத வேண்டும். எனக்குக் கல்யாணமான மறுவருஷம், கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா. தபசுக் காட்சி பார்த்துவிட்டு வருகிற வழியில் என் வீட்டுக்காரர் ஒரு துண்டு அன்னாசிப்பழம் வாங்கிக் கொடுத்தார். உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினது. அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அடுத்த வாரம் அது நிலைக்காமல் போய்விட்டது. என் மாமியார் சண்முகத்தாய் தெருக்குழாயடியில் எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது சொன்னார்: "வாயக் கட்டத் தெரியாத சிறுக்கி. அன்னாசியத் தின்னு எம் பேரனக் கரைச்சுட்டா." அன்று அவர் கட்டியிருந்தது அரக்குச் சுங்குடி. குழாயடியில் நின்றவர்கள் பெயரை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், தான்தான் வாங்கிக் கொடுத்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கணக்கு தனி.

அந்தக் கிழவி சொன்னது பொய் என்று இத்தனை காலமும் உறுதியாக இருந்தேன். அதற்குப் பிறகு மூன்று பெற்றேனே. ஆனால் ஜிஷா கோட்டை முகர்ந்த நாளிலிருந்து எனக்கு அந்த உறுதி ஆடிவிட்டது. புகைக்குக் கரு நின்றுபோகும் என்றால் பழத்துக்கும் நின்றுபோகும்தானே. ஆகாரத்தில்தான் பெட்டி திறக்கிறது என்று இவளே சொன்னாளே.

சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏட்டி, அன்னாசி தின்னா கரு நின்னு போவுமா?"

வடிவு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அன்னாசி நுழைவதில்லை என்று அவளுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. சொன்னேன். குழாயடி, சுங்குடி எல்லாம் சொன்னேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றதை மட்டும் சொல்லவில்லை.

அவள் எழுந்துவந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, நான் வைக்கது கண்ணாடித் தட்டு. அங்க தாயே கெடையாது. நான் ஊத்தறதுதான் சாப்பாடு, நான் விடுத காத்துதான் காத்து. ஒரு சாம்பிராணிப் பொக வந்தாலும் நடுவுல நின்னு தடுக்க ஆள் இல்ல. நீ தட்டு இல்லியே. நீ தின்ன பழம் வயித்துல செரிச்சு, ஈரல்ல போய், ரத்தத்துல கலந்து, அதுக்கப்புறம் ஒன் ஒடம்பு பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்ததுதான் உள்ள போவும். ஒரு துண்டு அன்னாசி ஒண்ணும் செய்யாது."

"அப்பம் ஏன் போச்சு?"

"நெறையக் கரு தானாவே நின்னுரும் ஆச்சி. எலிக்கும் நிக்கும், மனுசருக்கு அதவிட ஜாஸ்தி நிக்கும். பாதிக்குப் பாதி, சேரும்போதே மரபணுக் கட்டோட எண்ணிக்கை பெசகிப் போயிருக்கும். மகாராணி மாதிரிப் பாத்துக்கிட்டாலும் நின்னுதான் இருக்கும். யாரும் ஒண்ணும் செஞ்சதில்ல."

"நீ நிச்சயமாச் சொல்லுதியா?"

"ஒன் ஒருத்தி விஷயத்துல இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அன்னாசி இல்லன்னு நான் சொல்லுதேன். மேடத்தக் கூப்ட்டுச் சொல்லச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். அவியளுக்கு வேற வேல இருக்கும்."

பாத்திரம் கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் பாட்டுக்கு ஓட, கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீரை அப்படி வீணாக்குகிறவள் நான் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

வளர்ந்துவிட்டது!

போன வாரம் ஜிஷா வைத்தது வளர்ந்தது. ஆனால் அது அவள் கை ராசியாகவும் இருக்கலாம் என்று சொல்லி வடிவு அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த வாரம் தன் கையாலேயே வைத்தாள். புதுக் கோட்டு. மழையில் நனைந்ததை மின்விசிறிக்குக் கீழே போட்டு, காயும்வரை நான் காவல் இருந்தேன்.

போனில் படம் காட்டினாள். மாதுளை முத்து போல நாலு, அப்புறம் எட்டு, அப்புறம் எல்லாம் ஒட்டி ஒரே உருண்டை. கடைசிப் படத்தில் நடுவே நீர் கோத்த பந்து, ஓரத்தில் ஒரு சின்னக் குவியல். "இந்தக் குவியல்தான் ஆச்சி பிள்ளையாகும். சுத்தி இருக்கது நஞ்சுக்கொடிக்குப் போவும்." அந்த வயசில் சீனியும் செரிக்கத் தொடங்கிவிடுமாம். பால்குடி மறந்து சோறு தின்கிற பிள்ளை மாதிரிதான்.

சாப்பாடு கொடுக்காத தட்டு இரண்டிலேயே நின்றது. நிற்கத்தான் வேண்டுமாம், அதுதான் சாட்சி. அந்தப் படத்தைக் காட்டி வடிவு குதித்தாள். அந்த இரண்டு இரண்டாக நின்றவற்றை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு தடவை வர வேண்டும்.

அக்டோபர் 25, வெள்ளி

இரண்டாம் தடவையும் வந்துவிட்டது. ஹெக்டே மேடம் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாராம். வேலை வடிவுடையதுதான், புனே பையனுக்குப் போகாது. வடிவு கொண்டுவந்த மைசூர்பாகில் நெய் கம்மி என்று பட்டது. இருந்தாலும் இரண்டு தின்றேன்.

வடிவு போனில் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆமாம்மா, நடுவுல கொஞ்சம் எண்ணெய்ல பிரச்னை. சரி பண்ணியாச்சு." எண்ணெயில் பிரச்னை. மருமகளுக்குத் தெரிந்தால் அவள் சாகிறவரை மறக்கமாட்டாள். எங்கள் குடும்பத்துக்கு வருகிற பெண்களுக்கும் அந்த ஞாபகசக்தி வந்துவிடுகிறது.

அக்டோபர் 30, புதன்

நாளைக்குத் தீபாவளி. ராத்திரி ரயிலில் நானும் வடிவும் ஊருக்குப் போகிறோம். ஜிஷா வழியனுப்ப வந்தாள். அவளுக்கென்று நேற்றே கொழுக்கட்டை செய்து வைத்தேன், தோல் மெல்லிசாக. தின்றுவிட்டு, "இப்போ எங்க அம்மை பண்ணின மாதிரியே இருக்கு" என்றாள். உன் அம்மையைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாய் வலிக்குமா? ஆனாலும் மீதியைக் கட்டிக் கொடுத்தேன். அவள் மூக்கு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவளைப் பற்றி முன்னால் எழுதியதை அடிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான். இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியது.

ஆட்டோவுக்காகத் தெருமுனைக்கு நடந்தோம். வண்டி இன்றும் நின்றது. வழக்கம்போல் முகத்தைத் திருப்பினேன். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த வடிவு நின்றுவிட்டாள். நான் நாலெட்டு போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"அவன்ட்ட கேளுட்டி, உப்பும் மெளகாய்ப்பொடியும் உண்டுமான்னு."

இருந்தது. வண்டிக்காரன் இலைத்தட்டில் வைத்துக் குச்சி குத்திக் கொடுத்தான். ரயிலுக்கு நேரமாகிறது என்று ஜிஷா கடிகாரத்தைப் பார்த்தாள். வடிவு அவளை அதட்டினாள்: "பேசாம நில்லு."

நாக்கில் சுள்ளென்றது. அதற்குப் பிறகு இனித்தது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது, மறக்கவில்லை.

சண்முகத்தாயை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். வாசலில் பேசாமல் நின்றவரையும் இல்லை. அன்னாசியை மன்னித்துவிட்டேன். அது பாவம், ஒன்றும் செய்யவில்லை.

இன்னொரு துண்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் ஆட்டோ ஏறினேன்.